ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

தவக்காலம் முழுவதும் தினம் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று தியானம் கொடுக்க வந்த சாமியார் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன, அடுத்த பங்குக்கு பஸ் ஏறிவிட்டார். "ஒரே ஒரு பாவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதோடு மட்டும் சண்டை போடுங்கள்" என்றார். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு என்ன பெரிய பாவம் வந்து கிடக்கிறது? காலை எட்டரைக்கு மருந்துக் கடைக்குப் போனால் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது. இடையில் பாவம் செய்ய உட்காரக்கூட நேரமில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, டீயை விடுவதாக முடிவு செய்தேன்.

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாயுத் தொல்லைக்கு விளம்பரம் போட்டிருக்கிறது. பெயர் எழுதும் இடத்தில் பிலோமினா என்று எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 25, சனி

டீ இல்லாமல் தலை பிளக்கிறது. இரண்டு மாத்திரை போட்டேன்.

மார்ச் 3, வெள்ளி

சிலுவைப் பாதை. பெஞ்சமின் சாமியார் முழங்கால் போட்டு முழங்கால் போட்டு எழுந்தார். முப்பது வயதுதான், பதினான்கு ஸ்தலமும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. எனக்கு ஐந்தாம் ஸ்தலத்திலேயே மூட்டு கழன்றுவிட்டது. முடிந்ததும் வாசலில் நின்று, "ஜெரோம் எப்படிம்மா இருக்கான்? பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

ஜெரோம் என் ஒரே மகன். சாமியாராகப் போவதற்குச் செமினரியில் இவருக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தவன். ஆறு வருடம் படித்துவிட்டு, அப்பா செத்த வீட்டில் அம்மாவுக்குத் துணை வேண்டும் என்றெல்லாம் காரணம் சொல்லாமல், "எனக்கு இது ஒத்து வரலம்மா" என்று ஒரே வார்த்தையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு வருடமாகிறது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். எனக்கு அவன் மேல் கோபம் எதுவும் இல்லை. "நல்லா இருக்கான் சாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 12, ஞாயிறு

இன்று கோயிலில் பெனிட்டாவுக்கு முதல் ஓலை வாசித்தார்கள்.

எல்லாருக்கும் நாக்கில் அப்பம் வைத்து நன்மை கொடுத்து முடிந்து, அறிவிப்பு வாசிக்கும் நேரம். "எஸ்தெல்லாவின் மகள் பெனிட்டாவுக்கும், கரூர் பங்கைச் சேர்ந்த ஆல்வினுக்கும் ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி திருமணம் நடைபெற உள்ளது. இது முதல் ஓலை. இத்திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குக்குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற இடத்தில் என் கழுத்து தானாக நிமிர்ந்தது.

விஷயத்தை எழுதியே ஆக வேண்டும். போன வருடம் அந்தப் பெண்ணை ஜெரோமுக்குக் கேட்டு அனுப்பினேன். நல்ல பெண், அமைதியான பெண். எஸ்தெல்லா என்ன சொன்னாள் தெரியுமா? கேட்கப் போனவளிடம், பத்துப் பேர் காது கேட்க, "கோயிலுக்கு நேந்துவிட்ட ஆட்ட எவளாவது பிடிச்சு வீட்டுல கட்டுவாளா?" என்றாள். தெருவாரியாக ஜெபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் மகனை ஆடு என்றாள்.

அந்த எஸ்தெல்லா பத்து வருடமாக மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்து வருவாள். பெனிட்டாவுக்கு வலிப்பு மாத்திரை வாங்க. பில் வேண்டாம் என்பாள், தினத்தாளில் சுற்றித் தரச் சொல்வாள். பதினைந்து வயதில் வந்தது. இப்போது வலிப்பே வருவதில்லை, மாத்திரை மட்டும் போகிறது. ஊரில் இது தெரிந்தவர்கள் டாக்டரும் நானும்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. தெரிந்தால் யார் எடுப்பார்கள்?

இன்றைக்கு நற்செய்தி சமாரியப் பெண்ணைப் பற்றியது. அவள் ஊருக்குள் ஓடிப் போய் எல்லாரிடமும் சொன்னாள். அவளை யாரும் குறை சொல்லவில்லை.

மார்ச் 13, திங்கள்

கடையில் ஸ்டாக் எடுத்தேன். சளி மருந்தில் நான்கு பாட்டில் தேதி முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஜெரோமிடம், "மாப்பிள்ளை மின்வாரியமாம். ஆட்டவிட மாடு ஒசத்தி போல" என்றேன். அவன் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தான்.

"அம்மா, அந்தப் பொண்ண நானா கேட்டேன்? நீதான கேட்ட. எனக்கு அவ மொகம்கூட சரியா ஞாபகம் இல்ல."

"உனக்குத்தான் எதுவுமே ஞாபகம் இருக்காதே. ஆறு வருஷம் எங்க இருந்தங்கறதே மறந்து போச்சு."

அவன் தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். சுருக்கென்று கோபம் வந்துவிடுகிறது அவனுக்கு. யாரைக் கொண்டு பிறந்தானோ.

மார்ச் 15, புதன்

தூங்கவில்லை. இரண்டு பக்கமும் யோசித்தேன். சொன்னால் புறணி. சொல்லாவிட்டால் ஒரு பையனை ஏமாற்றுவதற்குத் துணை போனதாக ஆகாதா? தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று கோயிலே சொல்கிறது. நானா எழுதினேன் அந்த ஓலையை?

ஆனால் தெருவில் நின்று சொல்ல மாட்டேன். அந்த ரகம் நான் இல்லை. ஒரு வழி தோன்றியிருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம். சாமியாருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும், என் வாயிலிருந்து வெளியே போனதாகவும் ஆகாது. இத்தனை நாள் ஏன் இது தோன்றவில்லை?

மார்ச் 17, வெள்ளி

என்னைப் போல் ஒரு முட்டாள் இந்த மறைமாவட்டத்திலேயே இருக்க மாட்டாள்.

சிலுவைப் பாதை முடிந்து பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனேன். வலைக்கு அந்தப் பக்கம் பெஞ்சமின் சாமியார். டீ குடித்ததை, அதாவது ஒருநாள் மறந்துபோய்க் குடித்ததைச் சொன்னேன். ஜெபத்தில் பராக்கு என்றேன். பிறகு, "ஒரு விஷயம் மனச அறுக்குது சாமி" என்று ஆரம்பித்து, பெனிட்டா, மாத்திரை, பத்து வருடம், பொட்டலம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொட்டியதும் நெஞ்சு லேசானது. ஓலையை நிறுத்திவிடுவார் என்று காத்திருந்தேன்.

அவர் வலைக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு, "இது அந்தப் பொண்ணோட மாத்திரை. உங்க பாவம் எதும்மா?" என்றார்.

"அதான் சாமி, சொல்லலாமா வேண்டாமான்னு…"

"இங்க வந்து சொன்னது இங்கயே பொதைஞ்சு போகும். நான் வெளிய போய் ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியாது. அவங்கள நிறுத்தி விசாரிக்க முடியாது. உங்ககிட்டயே நாளைக்கு இதப் பத்தி நானாப் பேச முடியாது. தெரியும்ல?"

தெரியும். சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்ததுதான். கொலைகாரன் வந்து சொன்னாலும் சாமியார் வாய் திறக்கக் கூடாது என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்போது மண்டையில் எங்கே போனது அது? வெளியே சாதாரணமாக, அலுவலகத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் இரண்டு வீட்டையும் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். நானே அவர் வாய்க்குப் பூட்டைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அதோடும் விடவில்லை. "மத்தவங்க கதைக்கு என்னால பாவமன்னிப்பு குடுக்க முடியாதும்மா. உங்களோடதக் கொண்டுட்டு வாங்க. காத்திருக்கேன்" என்றார். என் மகனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பையன் என்னைத் திருப்பி அனுப்புகிறான்.

மார்ச் 19, ஞாயிறு

இரண்டாம் ஓலை.

மன்னிப்பு வாங்காமல் நன்மைக்கு எப்படிப் போவது? பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டித் தாண்டி எல்லாரும் போனார்கள். எழுந்து வழிவிட வேண்டியிருந்தது வேறு. முப்பது வருடத்தில் நான் நன்மை வாங்காத ஞாயிறு கிடையாது, பிரசவத்துக்குப் பிறகு தவிர. திரும்பி வரும்போது ஒவ்வொருத்தியும் என் முகத்தைப் பார்த்தாள். எஸ்தெல்லா நின்றே பார்த்தாள். வெளியே வந்ததும், "ஒடம்பு சரியில்லையாக்கா?" என்று நான்கு பேர் கேட்டார்கள். வயிறு சரியில்லை என்றேன். இப்போது பொய்யும் சேர்ந்துகொண்டது.

பெஞ்சமின் சாமியாரை வாசலில் பார்த்து, "என்ன சாமி முடிவு பண்ணீங்க?" என்றேன். "எதப் பத்திம்மா?" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது.

மார்ச் 20, திங்கள்

ஜெரோம் தோசை ஊற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆறிப்போயிருந்தது.

மார்ச் 23, வியாழன்

இன்று சோதனை கடைக்கே நடந்து வந்தது.

லில்லி வந்தாள். மாப்பிள்ளை ஆல்வின் அவளுக்கு அண்ணன் மகன். அவளை நம் பங்கில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளும் எனக்கு வாடிக்கைதான். புருஷன் குடியை நிறுத்த மாத்திரை வாங்கி, அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்குகிறாள். மாத்திரையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டவள் போகாமல் நின்றாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

"பிலோமினாக்கா, ஒண்ணு கேப்பேன், மறைக்கக் கூடாது. அந்தப் பெனிட்டாவுக்கு எதுவும் சீக்குன்னு உண்டா? எங்க அண்ணி கேக்கச் சொன்னாங்க. மருந்துக்கடைல இருக்கற ஒங்களுக்குத் தெரியாததா?"

நான் எதையும் தேடிப் போகவில்லை. தானாக வந்து கேட்கிறாள். ஒரு வார்த்தை போதும். "ஆமா" என்று தலையை ஆட்டினால்கூடப் போதும். நேந்துவிட்ட ஆடு என்று சொன்ன வாய் ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி எப்படிக் கோணும் என்று கண் முன்னால் தெரிந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, நாக்கில் எச்சில் ஊறியது. "அந்தப் பொண்ணு…" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

லில்லி கல்லாப்பெட்டி மேல் சாய்ந்து, "சும்மா சொல்லுங்கக்கா, ஓலை வாசிக்கறதே அதுக்குத்தான?" என்றாள்.

பத்து நாளாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. என் மண்டைக்குள் இருந்தவரை அது வேதவாக்கு மாதிரி இருந்தது. அவள் வாயிலிருந்து கேட்டபோது குமட்டிக்கொண்டு வந்தது.

"அந்தப் பொண்ணு என்ன வாங்குது, வாங்கலங்கறதெல்லாம் நான் சொல்ல மாட்டேன் லில்லி. யார் கேட்டாலும் யாரைப் பத்தியும் சொல்ல மாட்டேன். ஒங்க வீட்டு ரசத்துல என்ன விழுதுன்னு ஒங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா சொல்லவா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "அதுக்கு இல்லக்கா" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

சோதனையில் ஜெயித்தால் மனதுக்குள் ஆறுதல் வரும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கையில் கிடைத்ததைக் கோட்டைவிட்ட எரிச்சல். போதாததற்கு ஒருத்தியை மிரட்டியும் இருக்கிறேன். ஆண்டவரே, நல்லது செய்தாலும் இப்படித்தான் கோணலாகச் செய்ய வருகிறது எனக்கு.

மார்ச் 26, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை இருந்தால் தெரிவிக்கவும். யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் நன்மைக்குப் போகவில்லை. வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று பின் பெஞ்சுக்காரி சொல்கிறாள்.

மார்ச் 29, புதன்

மதியம் ஒரு பையன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். ஒல்லியாக, உயரமாக. டாக்டர் சீட்டை நீட்டினான். பெனிட்டாவின் பெயர், அதே மாத்திரை.

"மூணு மாசத்துக்குக் குடுங்கம்மா. கரூர்ல இதே கம்பெனி கிடைக்குமான்னு தெரியல. மாத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம்."

ஆல்வின்தான். என் கை பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. "தம்பிக்கு இது என்ன மாத்திரைன்னு…" என்று இழுத்தேன்.

"தெரியும்மா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தனியாப் பேசணும்னு கூப்பிட்டு அவதான் சொன்னா."

"ஒங்க வீட்டுல?"

"எனக்குத் தெரியும்ல. அது போதும்ல?" என்று சிரித்தான். பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தாளில் சுற்ற எடுத்தேன், வேண்டாம் என்று அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

போன பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தேன். தெரிந்தவனிடம் சொல்வதற்காக மூன்று வாரம் வெந்து செத்திருக்கிறேன். தூக்கம் போனது, நன்மை போனது, சாமியார் முன்னால் மானம் போனது. அந்தப் பையன் வாழ்க்கைக்காக என்று ஒரு காரணம் வைத்திருந்தேன், அதையும் அவனே வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், நான் மட்டும்தான் இருக்கிறேன்.

டீ குடித்தேன். தெரிந்தே குடித்தேன்.

ஏப்ரல் 1, சனி

ஜெரோமோடு சண்டை. குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலில் வேலை செய்ய ஆள் வேண்டும், போகிறாயா என்று கேட்டேன். போகிறேன் என்றான். "ஆமா, போ. ஒன் கூடப் படிச்சவங்க பீடத்துல நிப்பாங்க, நீ ஓலை வெட்டு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் அது பாட்டுக்குச் சொன்னது.

அவன் கத்தவில்லை. "நீ என் மொகத்தப் பாத்து, சாப்பிட்டியான்னு கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சும்மா. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான்.

இது பொய். போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டேன்.

ஏப்ரல் 4, புனித வாரச் செவ்வாய்

பாஸ்காவுக்கு முன்னால் பொதுப் பாவசங்கீர்த்தனம். வெளியூர்ச் சாமியார்கள் மூன்று பேர் வந்து கோயிலின் மூன்று மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்பின் தெரியாத கிழவர் ஒருவரிடம் போய்விடுவது என்றுதான் நினைத்துப் போனேன். அவர் காது கேட்காதவர் என்று வேறு சொன்னார்கள். ஆனால் கால் பெஞ்சமின் சாமியார் வரிசையில் போய் நின்றுவிட்டது. காத்திருக்கேன் என்று சொன்னாரே, அது உறுத்திக்கொண்டே இருந்தது.

வலை கிடையாது, நேருக்கு நேர். மண்டியிட்டேன். மகன் மேல் கோபம் என்று ஆரம்பித்தேன். எஸ்தெல்லா மேல் பகை என்றேன். அந்தப் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்க ஆசைப்பட்டேன், கடமை என்று பெயர் வைத்துக்கொண்டேன், ஒருத்தியை மிரட்டினேன் என்றேன். அவர், "இன்னும் இருக்காம்மா?" என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"இந்த நாற்காலியில என் மகன் உக்காந்திருக்கணும் சாமி. ஒங்களப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. ஒரே பிள்ள. எங்க வீட்டுக்காரரு செத்தப்பகூட, படிப்புக் கெடக் கூடாதுன்னு மூணாம் நாளே திருப்பி அனுப்பிவச்சேன். இருந்த ஒண்ணையும் கடவுளுக்குக் குடுத்தேன். வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாரு. என்கிட்ட என்ன கொறைன்னு கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கறாரு. அவரு மேலதான் சாமி கோவம். எஸ்தெல்லா நடுவுல வந்து மாட்டிக்கிட்டா."

சொல்லி முடிக்கும்போது சத்தமாகவே அழுதுவிட்டேன். வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "அவன் போனது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா" என்றார். பிறகு, "வீட்டுக்குப் போங்க. அவன் கூட உக்காந்து சாப்பிடுங்க. வேற பரிகாரம் இல்ல" என்று கையைத் தலைமேல் வைத்தார். மன்னிப்பு வார்த்தைகளைச் சொன்னார். அந்தக் கை கனமாகவும் சூடாகவும் இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. நன்றியாக இருந்தது, அதை எழுதாமல் விடக் கூடாது.

எழுந்து திரும்பினால் அடுத்த ஆள் எஸ்தெல்லா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

"அக்கா, லில்லி ஒங்ககிட்டக் கேட்டாளாம். நீங்க சொல்லலையாம்."

"ஆமா."

"ஒங்களுக்குத் தெரியும்னுதான் அன்னைக்கு ஒங்க வீட்டு சம்பந்தத்த வேண்டான்னேன். எல்லாம் தெரிஞ்ச வீட்டுல எம்மக காலம் பூரா தலை குனிஞ்சு நிக்கணுமேன்னு பயம். அத வெளிய சொல்ல முடியாம அப்படி ஒரு கேவலமான வார்த்தையப் பேசிட்டேன்." முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூணு ஞாயிறும் ஓலை வாசிக்கறப்ப நான் சாமியாரப் பாக்கலக்கா. ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க நன்மைக்கும் போகல. இன்னைக்கு எந்திரிச்சிருவீங்க, இன்னைக்கு எந்திரிச்சிருவீங்கன்னு உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு…"

அவள் அழுதாள். நானும், "போகட்டும் விடு எஸ்தெல்லா" என்றேன். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். பார்த்தவர்களுக்கு இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டதாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் இதில் உண்மையைத்தான் எழுத வேண்டும். மூன்று ஞாயிறும் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. லேசாக இல்லை. உள்ளங்கால் வரை இனித்தது. நன்றாக வேண்டும், இன்னும் இரண்டு ஞாயிறு சேர்த்து வாசித்திருக்கலாம் என்று தோன்றியது. தலையில் வைத்த கையின் சூடு இன்னும் ஆறவில்லை. மன்னிப்பு வாங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எஸ்தெல்லா போய் மண்டியிட்டாள். நான் வாசல் வரை நடந்தேன். செருப்பைக் காலில் மாட்டினேன். வீட்டில் ஜெரோம் இருப்பான், சோறு வடித்திருப்பான், போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எட்டு மணிக்குள் போய்விடலாம். செருப்பை மறுபடி கழற்றினேன்.

உள்ளே போய் அதே வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் பதினேழு பேர் இருந்தார்கள்.